சென்னியப்பன் திருப்பி அனுப்பச் சொன்ன கிட்டார்கள்

சென்னியப்பன் அண்ணன் இறந்துபோனதை எனக்குச் சொன்னது ஒரு சுவரொட்டி. காந்திபுரத்தில் அன்னூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில், பசை இன்னும் காயாமல், கறுப்புக் கட்டத்துக்குள் அவர் முகம். 'எங்கள் குழுவின் தூணே, எங்கே சென்றாய்?' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழே நான் பல வருடம் பாடிய மெல்லிசைக் குழுவின் பெயர், அதை நடத்தும் மாணிக்கத்தின் பெயர். மாரடைப்பு என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் படத்தில் அவர் கையில் இருந்த கிட்டாரைப் பார்த்து வந்த கோபம்.

அது அவருடைய கிட்டாரே இல்லை. எதை 'இது ஆகாது, திருப்பி அனுப்புங்க' என்று நாலு பேர் முன்னால் சொன்னாரோ, எதை அப்படிச் சொன்ன குற்றத்துக்காக இதே மாணிக்கம் அவரைக் குழுவிலிருந்து துரத்தினாரோ, அந்தச் சரக்கு கையில் இருக்க அன்றைக்கு எடுத்த படத்தோடு அவரைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். தூணாம்! பிடுங்கி எறிந்துவிட்டு, ஆள் போன பிறகு தூண் என்கிறார்கள். அவரை அறிந்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் அந்தச் சுவரொட்டியை நம்பிவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

பகலில் அவர் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் தரப் பரிசோதகர். வார்ப்படத்திலிருந்து வந்த பாகங்களை அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடும் வேலை. சாயங்காலம் எங்கள் குழுவின் லீட் கிட்டார். ஷிஃப்ட் முடித்து, கையில் எண்ணெய் வாசனையோடு ஒத்திகைக்கு வந்து சேருவார். நான் குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டு நடுவில் சுருதியில் எதுவோ இடித்தது. எங்கள் தொழிலில் எது இடித்தாலும் பழி பாடகி தலையில்தான் விழும். மாணிக்கம் என் பக்கம் திரும்பிக் கண்ணை உருட்டினார். சென்னி அண்ணன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். "அம்மணி சரியாத்தான் பாடுதுங்க. என்ற ரெண்டாவது தந்தி எறங்கிப்போச்சு. சித்தெ இருங்க, ஏத்திப்போடறேன்" என்றார். தன்மேல் தவறு என்று மேடைக்காரன் ஒருவன் தானாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேறு யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் கிட்டாரில் வந்து நிற்கும். எந்தக் கம்பெனிக் கிட்டார் எப்படி, யார் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதுதான் பேச்சு. வெளிநாட்டுச் சாமான்கள் அப்போதுதான் ஊருக்குள் தாராளமாக வரத் தொடங்கியிருந்தன. சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள், துபாயிலிருந்து வந்தவர்கள், சென்னையிலிருந்து கச்சேரிக்கு வந்த குழுக்கள் என்று யார் கையில் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கண்டாலும் விட மாட்டார். "ஏனுங்க, ஒருக்கா கொடுங்க, பாத்துப்போட்டுத் தாரேன்" என்று வாங்கிவிடுவார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறி பார்ப்பது போல, கழுத்தின் நீளத்துக்குப் பார்ப்பார். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் ஓரத்தை விரலால் தடவுவார். கொடுத்தவர்கள் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி பக்கத்தில் நிற்பார்கள்.

கம்பெனிகளின் பெயரை அவர் வாயில் எடுக்க மாட்டார். 'பெரிய அமெரிக்கா', 'ஜப்பான்', 'கொரியா', 'கல்கத்தா', அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். "பேரைக் கேட்டாப் போதும் அம்மணி, நம்ம ஆளுகளுக்குக் காது அடைச்சுக்கும்" என்றார். பெரிய அமெரிக்காவில் ஒன்று கையில் எடுத்தால் இறக்கி வைக்க மனம் வராதாம். அதே மாடலில் இன்னொன்று எடுத்தால், ஒரு வயிற்றில் பிறந்தது என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாதாம். ஒன்று கனக்கும், ஒன்று லேசாக இருக்கும். ஒன்றின் கழுத்து உள்ளங்கைக்குள் அடங்கும், மற்றது அடங்காது. கல்கத்தாவில் அன்றைக்கு நல்ல மரம் வந்து, நல்ல ஆள் கையில் அகப்பட்டால் நமக்கு யோகம். ஜப்பான் ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. ஜப்பானில் உயிர் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அண்ணன் வாசித்ததும் ஒரு ஜப்பான்தான்; அதைக் கேட்டால் அவருக்குச் சுருக்கென்று வரும். "உசுரு வாசிக்கறவன் போடறதுங்க. கம்பெனிக்காரன் சுருதியைப் போட்டுக் குடுத்தாப் போதும்" என்பார். கொரியா மலிவு. தந்தியை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணி நழுவும். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நழுவும். "தப்பும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா சரி பண்ணிப்போடலாமுங்க. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு தினுசா இருந்தா எங்கீங்க போயி முட்டிக்கறது?"

அவருக்குக் கொள்கை என்று ஒன்று இருந்தால் இதுதான்: "ஒண்ணு நல்லா இருக்கறது நம்ம அதிர்ஷ்டமுங்க. அத்தனையும் நல்லா இருந்தாத்தான் கம்பெனி." பம்புக் கம்பெனியில் அவர் வாங்கிய சம்பளத்துக்கே இந்த ஒரு வாக்கியம்தான் அடிப்படை. அதைக் கிட்டாருக்குச் சொன்னபோது மட்டும் சங்கீதம் தெரியாதவன் என்றார்கள்.

ஆடி மாதம் அந்தியூர்த் திருவிழாவில் எங்கள் கச்சேரி. மேடை கட்டி முடிக்க நேரமாகும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு கால்நடைச் சந்தையைச் சுற்றினார். அவருடைய அப்பா அந்தப் பக்கத்தில் மாட்டுத் தரகராக இருந்தவர். ஒரு காளையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று உடம்பில் சுழி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். காளையின் பின்கால் லேசாக இழுத்தது; அதை ஒருவரும் பார்க்கவில்லை. அண்ணன் என் காதருகே குனிந்து, "பாருங்க, கிட்டார் வாங்க வந்திருக்கறாங்க" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு அன்றைக்கு முதல் பாட்டில் மூச்சே நிற்கவில்லை.

இனி அந்தக் கடைக் கதை. ஊருக்குள் ஒரு வியாபாரி பெரிய இசைக்கருவிக் கடை திறந்தார். பெரிய அமெரிக்காவின் கிட்டார்கள் ஒரே மாடலில், எல்லாம் கறுப்பு நிறத்தில், மொத்தமாக வந்து இறங்கியிருந்தன. திறப்பு விழாவுக்கு எங்கள் கச்சேரி. கோவையில் தந்தியைத் தொட்டவர்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு. சென்னி அண்ணன் அந்தக் கிட்டாரை வாசித்துக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று மைக்கில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்காக ஒரு கிட்டாரை அவருக்கே தந்துவிடுகிறேன் என்றாராம் கடைக்காரர். "மொதல்ல சரக்கைப் பாத்துக்கறேனுங்க" என்று அண்ணன் ஒதுங்கிக்கொண்டார்.

விழா அன்று காலையிலேயே போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு அற்புதம். மற்றதெல்லாம் ஒவ்வொரு கோளாறு. ஒன்றில் ஃப்ரெட் ஓரங்கள் பிளேடு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் அதோடு கழுத்தும் முறுக்கிக்கொண்டிருந்தது. பலவற்றில் கீழே சேரும் சுருதி மேலே போனால் சேரவில்லை. கடைக்காரரைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவர் கோயமுத்தூர் வெயில்மேல் பழியைப் போட்டார். "அதே வெயில்லதானுங்க அந்த ரெண்டும் இருக்குது?" என்றார் அண்ணன். விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று கடைக்காரர் நழுவிவிட்டார். நான் அப்போது மைக் சரிபார்க்க அங்கே இருந்தேன். இதெல்லாம் என் காதால் கேட்டது.

விழாவில் மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அவர் சொல்லவில்லை. விருந்தினர்களுக்குப் போர்த்துவதற்காகத் தட்டில் அடுக்கி வைத்திருந்த துண்டுகளை எடுத்தார். வரிசையாக நிறுத்தியிருந்த கறுப்புக் கிட்டார்களின் தலையில் கம்பெனிப் பெயர் தெரியாமல் ஆளுக்கொரு துண்டைப் போட்டார். மூலையில் கிடந்த, அதே வடிவத்தில் கறுப்பான கொரியாக் கிட்டார்கள் சிலவற்றையும் கொண்டுவந்து நடுநடுவே கலந்து, அதுகளுக்கும் துண்டு போட்டார். விருந்தினர்கள் தங்களுக்கு வர வேண்டிய துண்டைக் கிட்டார் வாங்கிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒரே ஒரு சங்கதியை ஒவ்வொன்றிலும் கீழே ஒரு தரம், மேலே ஒரு தரம் வாசித்தார். "எதுல சேருதோ அதுக்குக் கையைத் தூக்குங்க. யோசிக்க வேண்டாம், காதுல கேக்கறதைச் சொன்னாப் போதும்" என்றார்.

கை தூக்கினார்கள். எல்லோருக்கும் காது இருந்தது. சேராததற்கு ஒரு கை எழவில்லை. சேர்ந்ததற்குக் கடையே கையாக நின்றது. முடிந்ததும் துண்டுகளை உருவினார். கை எழுந்தது கொரியா அத்தனைக்கும், பெரிய அமெரிக்காவில் அந்த இரண்டுக்கும் மட்டும். "அந்த ரெண்டும் சொக்கத் தங்கமுங்க. மத்ததைத் திருப்பி அனுப்பிப்போடுங்க, நல்லதாக் கேட்டு வாங்குங்க. உங்க கடைக்குத்தான் பேரு" என்றார் கடைக்காரரிடம். அதில் வன்மம் துளி இல்லை. நிஜமாகவே நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறெரிந்தது அவரைப் பார்த்து அல்ல, வியாபாரி அவர். என் ஆத்திரம் கை தூக்கியவர்கள்மேல். பெயரைப் பார்த்த மாத்திரத்தில் காதை மாற்றிக்கொண்டார்கள். "ஓ, இதுங்களா? அப்ப எனக்குத்தான் சரியாக் கேக்கலையாட்ட இருக்குது" என்று ஒருவர். "ஆம்ப்ளிஃபையர்ல ஏதோ கோளாறுங்க" என்று இன்னொருவர். பெயர் துண்டுக்குள் இருந்தவரை கல்லுப்போல் இருந்த சுருதிஞானம், துண்டை எடுத்ததும் ஆவியாகிவிட்டது. பெயர் போட்டவன் தப்புச் செய்யமாட்டான், என் காதுதான் தப்பு என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமே இல்லை ஒருவருக்கும். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு முகமும் நிமிரவில்லை.

மறுநாளே மாணிக்கம் அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். சுருதி சேரவில்லை என்பது எனக்கும் கேட்டது, அவர் சொன்னது சரிதான் என்று நான் போய்ச் சொன்னேன். "நீங்க பாட்டை மட்டும் பாடுங்க, போதும்" என்று வாயை அடைத்தார். அடுத்த வாரத்தில் ஊர் முழுக்க ஒரு பேச்சு பரவியது. போட்டிக் கடைக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு சென்னியப்பன் விழாவைக் கெடுத்தானாம். நரம்பில்லாத நாக்கு எதுவும் பேசும். ஆனால் கேட்டவர்கள் நம்பினார்களே! சும்மா தருகிறேன் என்ற கிட்டாரை வாங்கிக்கொள்ளாத மனிதனைக் கைக்கூலி என்றார்கள். வேறு எந்தக் குழுவும் அவரைக் கூப்பிடவில்லை. கோவையின் முதல்தர லீட் கிட்டார் அதன் பிறகு மேடை ஏறவில்லை. "போகுது உடுங்க அம்மணி. வாசிக்கறதுக்கு ஊட்டுல இடமில்லையா?" என்றார் என்னிடம். அந்தக் கைக்கூலிப் பேச்சை மட்டும் அவரால் மென்று விழுங்க முடியவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அவர் இடத்துக்கு வந்தவர் ஜெயபால். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் விவசாயக் குடும்பம். நல்ல கை. மாணிக்கத்தின் பேச்சைக் கேட்டு, திருப்பி அனுப்ப வேண்டிய அந்தக் கறுப்புக் கிட்டார்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். திருப்பூரில் ஒரு கல்யாண வரவேற்பில் மேல் ஸ்தாயிக்குப் போன இடத்திலெல்லாம் அது அபசுரம் பேசியது. நான் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவது என்று தெரியாமல் தவித்தேன். மேடைக்குப் பின்னால் மாணிக்கம், "உன்ற வெரலு வெங்காயம் அரியறதுக்குத்தான் லாயக்கு" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். ஜெயபால் நம்பிவிட்டார். அதுதான் கொடுமை. அமெரிக்காக்காரன் தப்புப் பண்ணமாட்டான், என் கைதான் தப்பு என்று விரல்நுனி வெடிக்க வெடிக்கச் சாதகம் பண்ணினார். ஃப்ரெட் ஓரங்கள் அறுத்த கோடுகள் உள்ளங்கை ஓரமெல்லாம் இருந்தன.

இது எப்படியோ சென்னி அண்ணன் காதுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் அன்னூரில் ஒரு மாரியம்மன் கோயில் கச்சேரி. ஜெயபால் முதல் சங்கதியை எடுத்தார்; எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது எனக்குத் தெரிந்த சத்தம். பல வருடம் அதன்மேல் ஏறி நின்று பாடியிருக்கிறேன். சென்னி அண்ணனின் ஜப்பான் கிட்டார் அது! அதுவும் கறுப்பு, அதே வடிவம். மாணிக்கம் வாயெல்லாம் பல்லாக, "பாத்தீங்களா? கை பழகிருச்சு! அமெரிக்காக்காரன் அமெரிக்காக்காரன்தான்!" என்றார். எந்தப் பெயருக்காக ஒரு மனிதனைத் துரத்தினாரோ, அந்தப் பெயர் கிட்டாரின் தலையில் இருக்கிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை. ஜெயபால் தலை குனிந்துகொண்டார். வெளியே சொன்னால் ஜெயபாலின் பிழைப்பும் போய்விடும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணன் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். உங்கள் இடத்தைப் பிடித்தவனுக்கு உங்கள் கிட்டாரையும் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "அந்தத் தம்பி என்னுங்க பண்ணும்? கம்பெனிக்காரன் பண்ணுன தப்புக்கு ஒருத்தன் தன்ற கையை நம்பாம போறான். அதை எப்புடீங்க பாத்துக்கிட்டு இருக்கறது? பட்டறையிலயும் இதே கதைதானுங்க. மிசின் தேஞ்சு கெடக்கும், திட்டு ஆப்பரேட்டருக்கு" என்றார். ஜெயபாலிடம் மாற்றாக வாங்கிக்கொண்ட கறுப்புக் கிட்டார் அவர் மடியில் இருந்தது. ஃப்ரெட்டுகளை அரத்தால் ராவிவிட்டார், முறுக்கிய கழுத்தை என்ன செய்தும் நிமிர்த்த முடியவில்லை. "கீழ்ப்பாதி நல்லாத்தானுங்க இருக்குது. எனக்கு அது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. அந்தக் கை, சாகும்வரை ஒரு கெட்ட கிட்டாரின் கீழ்ப்பாதியில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி சாந்தாமணி அக்கா அழவில்லை. என்னை அடுப்படிக்கு அழைத்துப்போய், மெல்லிய குரலில் ஒன்றுதான் கேட்டார். "ஏனுங்க அம்மணி, அவரு காசு வாங்கிக்கிட்டாருன்னு இன்னமும் பேசிக்கறாங்களா?" பொய் சொல்ல வரவில்லை. பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம். அன்று கடையில் கை தூக்கிக் கை இறக்கிய அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மாணிக்கம் பேசினார். சென்னியப்பன் தன் கூடப்பிறக்காத அண்ணனாம். இருவருக்கும் ஒரு நாளும் மனஸ்தாபம் வந்ததில்லையாம். வெளிநாட்டுக் கிட்டார் என்றால் அவருக்கு உயிராம். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று கேட்டேன்: "அவரு காசு வாங்குனாருன்னு சொன்னது பொய்யின்னு இங்கே யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. அன்னிக்குச் சுருதி சேரலைன்னு உங்க காதுல கேட்டுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மாணிக்கம் அவசரமாக மைக்கை இழுத்து, "எல்லாரும் எழுந்து ரெண்டு நிமிசம் மௌன அஞ்சலி செலுத்துவோமுங்க" என்றார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். முன்வரிசையில் சாந்தாமணி அக்கா மட்டும் எழவில்லை. உட்கார்ந்தபடியே தெளிவாகச் சொன்னார்: "மொதல்ல அம்மணி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நிக்கறது பொறவு நின்னுக்கலாம்."

எழுந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப உட்கார்ந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஜெயபால்தான் முதலில் வாயைத் திறந்தார். "சுருதி சேரலீங்க. நான் இத்தனை வருசமா மேடையில வாசிச்சது அமெரிக்காக் கிட்டார் இல்லீங்க, அண்ணன் குடுத்தது. என்ற கையை எனக்குத் திருப்பிக் குடுத்தவரு அவரு" என்று சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டார். பிறகு தபலா வாசிக்கும் ஒருவர், கீழே பார்த்துக்கொண்டே, "எனக்கும் கேட்டுதுங்க" என்றார். "அன்னிக்கே கேட்டுதுங்க" என்று இன்னொரு குரல். அதன் பிறகு பல பேர். அவர் உயிரோடு இருந்தபோது இதில் ஒரு குரல் எழுந்திருந்தால் அவர் மேடையில் இருந்திருப்பார். இதற்காக நான் யாருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு வழக்கம்: காதில் விழுந்ததை, விழுந்த இடத்திலேயே, பெயர் பார்க்காமல் சொல்லிவிடுவது. அதற்கு என்ன விலை என்று அவர் வாழ்க்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் வைத்துக்கொள்கிறேன். மாணிக்கத்தின் குழுவில் இனி நான் பாடுவதில்லை. அன்றைக்கு மண்டபத்தில் எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகு, சாந்தாமணி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றார். "இப்ப நில்லுங்க" என்றார்.